பிடியைத் தளர்த்தினால் குறி தப்பாது

கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் சென்னைக்குச் சுற்றுலா போகும் நம் குடும்பங்கள் மெரினா கடற்கரையை விட்டுவைப்பதில்லை. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, குதிரைச் சவாரி எல்லாம் முடிந்து கடைசியில் பலூன் சுடும் கடை முன் வந்து நிற்போம். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். சில அடி தூரம்தான். கையில் ஒரு பழைய ஏர் கன். பத்துக் குண்டு சுட்டால் நான்கு பலூன் உடைவதே பெரிய காரியம். "குழல் வளைஞ்சிருக்கு, அதான்" என்று அப்பா சமாதானம் சொல்வார். கடைக்காரரோ அதே துப்பாக்கியை வாங்கி, அலட்டிக்கொள்ளாமல் பட் பட்டென்று மூன்று பலூன்களை உடைத்துக் காட்டுவார்.

அப்பா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நாள் முழுக்க உழைக்கும் துப்பாக்கியில் குறி பார்க்கும் முள் விலகியிருக்கும், குழல் தேய்ந்திருக்கும். ஆனால் பெரிய காரணம் வேறு. அது ஸ்பிரிங்கில் இயங்கும் துப்பாக்கி. அதற்கென்று ஒரு குணம் உண்டு. அந்தக் குணம் தெரியாமல் இறுக்கிப் பிடித்தால், எவ்வளவு விலை உயர்ந்த துப்பாக்கியாக இருந்தாலும் குறி தப்பும். தெரிந்துகொண்டால் பழைய துப்பாக்கிகூடச் சொன்னபடி கேட்கும்.

குண்டு புறப்படும் முன்பே ஆடும் துப்பாக்கி

இந்தத் துப்பாக்கியின் குழலை மடக்கும்போது உள்ளே இருக்கும் வலுவான ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டனோடு சேர்ந்து பின்னால் பூட்டிக்கொள்கிறது. குழலின் வாயில் சிறிய ஈயக் குண்டை வைத்து மூடுகிறோம். டிரிகரை அழுத்தியதும் பூட்டு விடுபடுகிறது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ள, பிஸ்டன் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை அழுத்துகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துவது போலத்தான். அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது அந்தக் காற்று குண்டை உந்தி வெளியே அனுப்புகிறது.

இங்கேதான் சிக்கல். கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பாய்ந்த பிஸ்டன் அழுத்தப்பட்ட காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் தள்ளப்படுகிறது. ஒரே சுடுதலில் பின்னால் ஓர் உதை, முன்னால் ஓர் உதை. இவை நடந்துகொண்டிருக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. டிரிகர் விடுபட்டதிலிருந்து குண்டு வெளியேறும் வரை ஏறத்தாழ நூறில் ஒரு விநாடி ஆகும். கண் சிமிட்டும் நேரத்தைவிட மிகக் குறைவுதான். ஆனால் குழல் முனை ஒரு நூலளவு விலகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

வெடிமருந்துத் துப்பாக்கியில் குண்டு நகரத் தொடங்கும்போதுதான் உதையும் தொடங்குகிறது. ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு அசைவதற்கு முன்பே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பெரிய துப்பாக்கி பழகியவர்கள்கூட முதன்முதலாக ஒரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைக் கையில் எடுக்கும்போது தடுமாறிப் போகிறார்கள்.

இறுக்கினால் ஏன் தப்புகிறது?

உதைக்கும் பொருளை இறுக்கிப் பிடிப்பதுதான் நம் இயல்பு. ஆனால் மனிதக் கையால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்க முடியாது. முதல் குண்டுக்கு ஓர் இறுக்கம், கை சோர்ந்த பத்தாவது குண்டுக்கு வேறோர் இறுக்கம். இறுக்கம் மாறினால் துப்பாக்கி உதைக்கும் பாதையும் மாறும். பாதை மாறினால் குண்டு போய்ச் சேரும் இடமும் மாறும். தசையை இறுக்கும்போது கை நடுங்குவது இன்னொரு தொல்லை.

இதற்கு மருந்து, துப்பாக்கியைத் தன் போக்கில் உதைக்க விடுவது. தன் போக்கில் விட்டால் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும். ஒரே மாதிரி உதைத்தால் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும். அந்த இடம் நடுப்புள்ளியிலிருந்து விலகியிருந்தாலும் கவலையில்லை. குறி பார்க்கும் முள்ளைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். குண்டுகள் நாலாபுறமும் சிதறினால்தான் எதைத் திருகியும் பயனில்லை.

அமெரிக்க ஏர் கன் எழுத்தாளர் டாம் கேலார்ட் பரப்பிய ஒரு பெயர் இந்தப் பிடிக்கு உண்டு: பீரங்கிப் பிடி. பீரங்கி சுடும்போது அது பின்னால் ஓடி மீண்டும் தன் இடத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அதைக் கட்டிப் பிடிப்பதில்லை. அதே யோசனைதான் இங்கும்.

செய்முறை இதுதான். இடது உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியின் முன்பகுதிக் கட்டையை அதன்மேல் கிடத்துங்கள். விரல்களை மடக்கிப் பற்ற வேண்டாம். வாழையிலையில் வைத்த பண்டம் போல அது கையில் கிடக்கட்டும். பின்கட்டை தோளைத் தொட்டால் போதும், தோளுக்குள் புதைய வேண்டாம். வலது கை, டிரிகரை அழுத்தத் தேவையான அளவுக்கு மட்டும் பிடிக்கட்டும். கன்னம் கட்டையின்மேல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மென்மையோடு படியட்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இடது உள்ளங்கையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். டிரிகர் கூண்டுக்குச் சற்று முன்னால் வைத்து ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு விரல் அளவு முன்னால் தள்ளி இன்னொரு ஐந்து. எந்த இடத்தில் ஐந்து குண்டும் நெருக்கமாக விழுகின்றனவோ, அதுதான் அந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த இடம். கட்டையில் அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

துப்பாக்கியை மேசை விளிம்பிலோ கம்பிமேலோ நேராக வைத்துச் சுடுவது பலரும் செய்யும் காரியம். அசையாமல் இருக்கும் என்று நினைப்பார்கள். கெட்டியான பரப்பில் பட்ட துப்பாக்கி உதைக்கும்போது எகிறும், குண்டு வேறெங்கோ போகும். தாங்கல் வேண்டுமானால் முதலில் ஒரு மென்மையான பை, அதன்மேல் உங்கள் கை, கையின்மேல் துப்பாக்கி.

மூச்சும் விரலும்

குறி பார்க்கும்போது கண் மூன்று பொருள்களைக் காண்கிறது: அருகில் பின்குறி, குழல் முனையில் முன்குறி, தொலைவில் இலக்கு. மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியாது. தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி. இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. பலூனையே உற்றுப் பார்ப்பவருக்குத்தான் பலூன் உடைவதில்லை.

இரண்டு முறை இயல்பாக மூச்சு விடுங்கள். மூன்றாவது மூச்சைப் பாதி விட்ட நிலையில் நிறுத்துங்கள். ஆறு, ஏழு விநாடிக்குள் சுட முடியவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். பிடிவாதமாக நின்றால் கண் மங்கும், கை ஆடும்.

டிரிகரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. விரல் நுனியின் சதைப் பகுதியால் நேராகப் பின்னோக்கி, சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் உடம்பு முன்கூட்டியே குலுங்கும்.

சுட்ட பிறகும் இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். கன்னம் எழ வேண்டாம், கண் முன்குறியை விட்டு நகர வேண்டாம். குண்டு எங்கே போனது என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் பல குண்டுகளைத் திசை திருப்புகிறது. குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே தலை எழுந்துவிடுகிறது.

துப்பாக்கியையும் கொஞ்சம் கவனியுங்கள்

நேற்று நன்றாகச் சுட்ட துப்பாக்கி இன்று சிதறினால் முதலில் பார்க்க வேண்டியது கட்டையில் இருக்கும் திருகாணிகள். இரட்டை உதையின் அதிர்வில் அவை தாமாகத் தளரும். பயிற்சிக்கு முன் ஒரு முறை சரிபார்ப்பது நல்ல வழக்கம்.

அடுத்தது குண்டு. பெல்லட் என்று கடையில் கேட்டு வாங்கும் இந்த ஈயக் குண்டு நடுவில் இடுப்பு சிறுத்து, பின்னால் பாவாடை போல விரிந்திருக்கும். அந்த விளிம்பு நசுங்கியிருந்தால் காற்று ஒழுகும், குண்டு கோணலாகப் போகும். ஒரு குழலுக்கு ஒத்துப்போகும் குண்டு இன்னொரு குழலுக்கு ஒத்துப்போகாது. மூன்று, நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒத்துப்போவதைக் கண்டுபிடித்தபின் அதையே தொடருங்கள். 10 மீட்டர் போட்டிக்குப் பயன்படுவது 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ அரை கிராம் எடையும் உள்ள தட்டைத் தலைக் குண்டு. தாளில் சுத்தமான வட்ட ஓட்டை போடும் என்பதால் மதிப்பெண் கணக்கிட எளிது.

குழலுக்குள் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றும் பழக்கம் வேண்டாம். அழுத்தப்படும் காற்று கடுமையாகச் சூடேறும்போது அந்த எண்ணெய் பற்றி எரியும். சத்தமும் புகையும் வரும், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும், உள்ளே இருக்கும் வாஷரும் கெடும். குண்டு வைக்காமல் வெறுமனே சுடுவதும் கூடாது. காற்றின் தடை இல்லாததால் பிஸ்டன் நேரே இரும்பில் போய் மோதும். தொலைநோக்கி பொருத்துவதானால் ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்ததைப் பொருத்த வேண்டும். முன்னோக்கிய உதை சாதாரணத் தொலைநோக்கியைச் சீக்கிரமே உலுக்கிவிடும்.

போட்டிக் களத்தில் இந்தக் கதை

இரட்டை உதையை எப்படி அடக்குவது என்று ஜெர்மானியப் பொறியாளர்கள் 1960-களில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். டயானா நிறுவனம் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்தது. ஒன்றின் உதையை மற்றொன்று சரிக்கட்டியது. ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் துப்பாக்கியின் இயங்கு பகுதியைத் தண்டவாளம் போன்ற அமைப்பில் வைத்து, சுடும்போது அது மட்டும் பின்னால் வழுக்கும்படி செய்தது. சுடுபவரின் தோளுக்கு உதை வந்து சேராது. அந்த நிறுவனத்தின் 300 எஸ் ரகம் 1970-களில் போட்டிக் களங்களில் பெயர் பெற்றது. இயந்திரமும் தேடியது ஒன்றைத்தான்: துப்பாக்கியை அதன் போக்கில் அசைய விடுவது.

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் முதன்முதலாக இடம்பெற்றது. இன்று உயர்நிலைப் போட்டிகளில் ஸ்பிரிங் கிடையாது. உருளையில் அடைத்த காற்றில் இயங்கும், உதையே இல்லாத துப்பாக்கிகள் வந்துவிட்டன. ஆனால் மூச்சு, விரல், கன்னம், சுட்டபின் நிற்பது ஆகிய நான்கும் மாறவில்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் பழகியவர் இந்த நான்கையும் கட்டாயமாகக் கற்றுவிடுகிறார், ஏனென்றால் அது எந்தத் தவற்றையும் மன்னிப்பதில்லை.

போட்டித் தாளின் நடுவில் இருக்கும் 10 மதிப்பெண் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் தூரம் 10 மீட்டர். 60 குண்டுகள். நடுவுக்கு நடுவாகப் பட்டால் 10.9. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் இந்தப் பிரிவில் தங்கம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அவர் எடுத்தது 630.7. குண்டுக்குச் சராசரி 10.5. அப்படியும் பத்தாம் இடம்தான். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேரையே எடுப்பார்கள். மயிரிழை என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை இவர்கள் தினமும் அளந்து பார்க்கிறார்கள்.

நம் நாட்டின் நூர் சுரியானி முகமட் தைபியை மறந்திருக்க மாட்டீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றவர். வயிற்றுக்குள் குழந்தை அசையும்போதும் குறியை அமைதியாகப் பிடித்தவர். இந்த விளையாட்டுக்கு வேண்டியது முரட்டு பலம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள்

இனி பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. இந்தியாவில் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடையில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிவிடலாம். அங்கே உறவினர் வீட்டில் அதைப் பார்க்கும் நம் பிள்ளைகள், "நமக்கும் ஒன்று வாங்குவோம் அப்பா" என்று கேட்பது இயல்பு.

இங்கே கதை முற்றிலும் வேறு. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே ஏர் கன்னையும் ஏர் பிஸ்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. போலீசின் உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால், அச்சட்டத்தின் 8-வது பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதும் குற்றம். "விளையாட்டுச் சாமான்தானே" என்ற பேச்சு விமான நிலையத்தில் எடுபடாது. இணையத்தில் ஆர்டர் செய்து பொட்டலமாக வரவழைத்தாலும் அதே கதைதான். நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் அச்சட்டத்தில் 36-வது பிரிவு இருக்கிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் ஒரு வழக்கு பதிவானால், படிப்பும் வேலையும் எந்த நிலைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆர்வம் உள்ள பிள்ளைக்கு நேர்வழி இருக்கிறது. 2017 சீ விளையாட்டுப் போட்டியின்போது துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்த தேசிய சுடுதளம் நம் பள்ளத்தாக்கிலேயே, சுபாங்கில் இருக்கிறது. மலேசிய தேசியத் துப்பாக்கிச் சுடும் சங்கத்தையோ மாநிலச் சங்கத்தையோ தொடர்புகொண்டு, புதியவர்களுக்குப் பயிற்சி எப்படி, வயது வரம்பு என்ன, துப்பாக்கி யார் பொறுப்பில் இருக்கும் என்று கேளுங்கள். பயிற்சியாளர் முதல் நாளிலேயே துப்பாக்கியைக் கையில் கொடுக்காமல் பாதுகாப்பு விதிகளைச் சொல்லத் தொடங்கினால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

அந்த விதிகள் சில: குழல் முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் டிரிகருக்கு வெளியே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஏனென்றால் கெட்டியான பரப்பில் பட்ட ஈயக் குண்டு திரும்பி வரும். குழலை மடக்கிக் குண்டு வைக்கும்போது, மறு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பூட்டு நழுவினால் குழல் அறைந்து மூடும், விரல் எலும்பு முறியும். மெரினா கடையில் பிள்ளை சுடும்போதும் இவை பொருந்தும். பறவை, அணில், குரங்கு எதுவும் இலக்கு இல்லை. அதற்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

பயிற்சிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்தனுப்புங்கள். தேதி, குண்டின் வகை, கை வைத்த இடம், ஐந்து குண்டுகளும் எவ்வளவு இடைவெளிக்குள் விழுந்தன என்று எழுதிவரட்டும். ஒரே ஒரு குண்டு நடுவில் பட்டதை வைத்து மகிழவோ, ஒரே ஒரு குண்டு தப்பியதை வைத்து முள்ளைத் திருகவோ வேண்டாம். ஐந்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் மாதம் ஐந்து ஓட்டைகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறியிருக்கும். பிறகு தேநீர்த் தட்டு அளவு. பிறகு ஐம்பது சென் நாணய அளவு. அந்த நாணயம் தாளில் விழும் நாளில், பிள்ளையின் பிடி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அருகில் நின்று பாருங்கள்.